பகிர்வதற்கு இத்தனை பூட்டா?

'இது கணினி யுகம்' என்று தொடங்கும் கட்டுரை ஒன்றாவது நம் பேரவை மலரில் ஆண்டுதோறும் இடம்பெற்றுவிடும். நானும் கணினியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் யுகத்தைத் தொடப்போவதில்லை. ஒரே அறையில், ஒரே மேசையின் இரு முனைகளில் இருக்கும் இரண்டு கணினிகள் தமக்குள் ஒரு கோப்பைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். இவ்வளவு சிறிய விஷயத்திற்கு இத்தனை பக்கமா என்று கேட்பவர்கள், கீழே வரும் கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

2024-ஆம் ஆண்டு தவணை விடுமுறையில் நாங்கள் ஐவர் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றோம். நான் ஆறாண்டுகள் படித்த பள்ளி அது. புக்கிட் ரோத்தானுக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் இடையில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும். இன்று மாணவர் எண்ணிக்கை அறுபதுக்கும் குறைவு. கணினி அறையில் பதினொரு கணினிகள் இருந்தன. எல்லாம் வயதானவை, எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடியும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்கு மாற அந்தக் கணினிகளில் தேவையான பாதுகாப்புச் சில்லு இல்லை. புதிதாக வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணமும் இல்லை. "லினக்ஸ் போட்டுடலாம் டீச்சர், இலவசம்தான்" என்று வாய் விட்டவள் நான்தான்.

இரண்டு நாளில் வேலையை முடித்தோம். பத்துக் கணினிகள் மாணவர்களுக்கு. பதினோராவதை வழங்கியாக்கினோம், அதாவது, எல்லாருடைய கோப்புகளையும் வைத்திருந்து, கேட்கும் கணினிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் பொதுப் பெட்டகம். அதற்குத் திரைகூட இல்லை, மேசையின் கோடியில் சும்மா நின்றது. ஆசிரியர்களின் பயிற்சித்தாள்கள் எல்லாம் அதற்குள் போயின. இனி விரலியைத் தூக்கிக்கொண்டு கணினி கணினியாய் அலைய வேண்டாம், ஒரு கணினியின் நச்சுநிரல் பத்துக்கும் பரவாது என்று விளக்கினோம். மீ கோரேங் சாப்பிட்டோம். பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். அந்தப் படம் சென்ற மலரின் நடவடிக்கைப் பக்கத்தில் வந்தது, பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பெட்டகத்தில் இன்னொன்றும் இருந்தது. பள்ளி ஆண்டு மலருக்காக டீச்சர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாகப் பழைய தோட்டக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் படங்கள் திரட்டியிருந்தார். கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், சுங்கை பூலோ என்று சிதறிப்போன குடும்பங்கள். லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படங்கள், பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் வரிசையாய் நிற்பவர்கள், மாரியம்மன் திருவிழா, கிராணி வீட்டு முன்னால் சைக்கிளோடு ஒரு சிறுவன். முந்நூற்று நாற்பது படங்கள். ஒவ்வொன்றாய் வருடியெடுத்து வழங்கியில் சேர்த்துவிட்டு, மூலப் படங்களைப் பத்திரமாக அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். மலேசியாவில் செம்பனையை வணிக முறையில் முதன்முதலாக நட்டது எங்கள் பகுதியில்தான். 1917-ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தை என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயர் நம் 'தென்னைமரம்'தான். அவர் இந்த மண்ணை வைத்து எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் கண்ணில் தோட்டம் எப்படித் தெரிந்தது என்பதை உலகத்தின் எந்தப் பெரிய நூலகத்திலும் போய்ப் படித்துக்கொள்ளலாம். தோட்டத்தார் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்களோ, ஒரு பள்ளியின் மேசைக் கோடியில், திரையில்லாத ஒரு கணினியில் இருந்தன.

2025-ஆம் ஆண்டு நடுவில் பள்ளிக்குப் புது இணைய மோடம் வந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பெட்டகம் திறக்கவில்லை. காரணம் மிக எளியது. வழங்கியை அடைவதற்கு மற்ற கணினிகளில் நாங்கள் வைத்துவிட்டு வந்த குறுக்குவழியில் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை எழுதியிருந்தோம்: 192.168.1.10. புது மோடம் எல்லாக் கணினிகளுக்கும் வேறு எண் வரிசையைக் கொடுத்தது. முகவரி மாறிய வீட்டுக்குக் கடிதம் போட்ட கதைதான்.

டீச்சர் சொடுக்கிப் பார்த்தார், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தது. வழங்கிக்குத் திரையை மாட்டிப் பார்த்தார், கடவுச்சொல் கேட்டது. அது எங்கள் சீனியர் அண்ணன் ஒருவரிடம் இருந்தது. அவர் பட்டம் பெற்றுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் தொலைபேசி எண்ணையும் மாற்றியிருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "உனக்குப் பரீட்சை நேரமாச்சேம்மா, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அச்சகம் கொடுத்த நாள் நெருங்கிவிட்டது. டீச்சரின் கைத்தொலைபேசியில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. மலர் அந்தப் பன்னிரண்டோடு அச்சானது. மீதிப் படங்கள் அவர் உட்காரும் நாற்காலியிலிருந்து ஐந்தடி தூரத்தில், ஒரு கீறலும் இல்லாமல் பத்திரமாக இருந்தன.

இதற்கு முதல் குற்றவாளி நாங்கள்தான். எண்ணைக் கொடுத்தது தவறு, கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்காதது தவறு, இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது பெருந்தவறு. ஆனால் கணினி அறிவியல் படிக்கும் ஐந்து பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்தும் ஒரு கோப்புறையை ஒழுங்காகப் பகிர்ந்துவிட்டு வர முடியவில்லை என்றால், அந்த வேலையே அவ்வளவு சிக்கலாக இருப்பது ஏன் என்ற கேள்வியையும் கேட்கத்தான் வேண்டியுள்ளது. அதைத்தான் இக்கட்டுரையில் கேட்கிறேன்.

கோப்புறையைப் பகிர்வது பழைய சங்கதி. 1991-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிகளிலும், 1992-இல் பணிக்குழுக்களுக்கான விண்டோஸிலும், சாதாரண அலுவலக ஊழியர் இரண்டு மூன்று சொடுக்கில் செய்துவிடக்கூடியதாக அது ஆகிவிட்டது. யூனிக்ஸ் உலகம் அதற்கும் முந்தியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 'என்எஃப்எஸ்' என்ற கோப்புப் பகிர்வு முறையை 1984-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது பயிற்சி பெற்ற நிர்வாகி ஒருவர் எல்லாக் கணினிகளையும் கட்டி மேய்ப்பார் என்று நம்பிக் கட்டப்பட்ட முறை. அதன் பழைய வடிவத்தில், கேட்பவர் யார் என்பதை ஒரு பயனர் எண்ணை வைத்தே வழங்கி முடிவு செய்யும். இன்று நாம் நிறுவும் பல லினக்ஸ் கணினிகளில் முதல் பயனரின் எண் 1000. பத்துக் கணினியிலும் பத்து 1000. ஆக, வழங்கியின் கண்ணுக்கு நான்காம் ஆண்டு மாணவனும் தலைமையாசிரியரும் ஒரே ஆள்!

எனவே பள்ளி, வீடு, சிறு அலுவலகம் ஆகியவற்றில் லினக்ஸ் வைத்திருப்போர் நாடுவது 'சம்பா' என்ற மென்பொருளை. தஞ்சோங் காராங் வயல்வெளிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நெல் வகைபோல் காதில் விழும். உண்மையில் பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர். 1992 வாக்கில் கான்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் டாஸ் கணினியிலிருந்து ஒரு சன் யூனிக்ஸ் கணினியின் வட்டைப் பார்க்க விரும்பினார். இரு தரப்பும் பேசும் 'எஸ்எம்பி' மொழிக்கு அவரிடம் இலக்கண நூல் இல்லை. கம்பியில் ஓடும் உரையாடலை ஒட்டுக்கேட்டு, 'இதைக் கேட்டால் அது பதிலாக வருகிறது' என்று குறித்துக் குறித்தே கற்றார். நம் தாத்தாமார்கள் சீனன் கடையில் நின்று ஹொக்கியேன் கற்றுக்கொண்ட அதே முறைதான்! எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாய் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது 'சம்பா' கிடைத்ததாம். ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்ட்மீது தொடுத்த வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, 2007 டிசம்பரில்தான் அந்த மொழியின் முழு விவரமும் பத்தாயிரம் யூரோ கட்டணத்தில் சம்பா குழுவின் கைக்கு முறைப்படி வந்தது. அதுவரை பதினைந்து ஆண்டுகள் காதால் கேட்டே ஓட்டியிருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். கீழே சொல்லப்போகும் குறை அவர்களை ஏசுவதற்காக அன்று.

சரி, பூட்டுகளுக்கு வருவோம். லினக்ஸ் கணினியில் 'படங்கள்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதைப் பக்கத்துக் கணினிக்குக் காட்ட வேண்டும். குறுக்கே நிற்பவை யாவை?

கடவுச்சொல்தான் முதலில். டீச்சர் கணினிக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் பகிர்வுக்குச் செல்லாது. லினக்ஸ் கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் விதம் வேறு, விண்டோஸ் மொழி கேட்கும் உருமாற்றம் வேறு. ஆகவே சம்பா தனக்கென்று இன்னொரு கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொள்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது மாற வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்தக் காரணத்தை நான் மூன்றாம் ஆண்டில்தான் கற்றேன். டீச்சருக்கு யார் சொல்வார்?

அடுத்தது லினக்ஸின் சொந்தக் கோப்பு அனுமதி. சம்பா 'வரலாம்' என்று சொன்னாலும் கோப்புறை 'வராதே' என்றால் வர முடியாது. 2021-இல் வந்த உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாக்கும் ஒருவரின் வீட்டுக் கோப்புறைக்குள் பிறர் எட்டிப் பார்க்க முடியாதபடி இயல்பாகவே மூடி வைக்கிறார்கள். நல்ல பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள்ளே இருக்கும் 'படங்கள்' அறையை விருந்தாளிக்குத் திறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் வாசற்கதவிலேயே நின்றுகொண்டிருப்பார்.

அப்புறம் தீச்சுவர். அது ஓடிக்கொண்டிருந்தால் 445 என்ற வாசலைத் திறந்துவிட வேண்டும். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மறந்துவிடுவோம், அவ்வளவுதான்.

கண்ணில் படுவதுதான் பெரிய தொல்லை. முன்பெல்லாம் விண்டோஸில் வலையமைப்பைத் திறந்தால் பக்கத்துக் கணினிகளின் பெயர்கள் வரிசையாய்த் தெரியும். அந்தப் பட்டியல் 'எஸ்எம்பி 1' என்ற பழைய வடிவத்தோடு பிணைந்திருந்தது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற பணப்பறிப்பு நச்சுநிரல் அந்தப் பழைய வடிவத்தின் ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2019-இல் சம்பாவும் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. செய்தது சரி. ஆனால் அதோடு பட்டியலும் இருண்டுவிட்டது. விண்டோஸ் இப்போது வேறு முறையில் அண்டை வீட்டாரைத் தேடுகிறது. அந்த முறையில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும் வேலையைச் சம்பா செய்வதில்லை. 'டபிள்யூஎஸ்டிடி' என்ற வேறொரு சிறு நிரலைத் தேடி நிறுவ வேண்டும். இது தெரியாததால்தான் நாங்கள் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டோம்.

போதாக்குறைக்கு, கடவுச்சொல்லே இல்லாமல் விருந்தாளியாக யாரும் வரலாம் என்று திறந்து வைக்கும் பழைய குறுக்குவழியும் அடைபட்டுவருகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு, புரோ பதிப்பில், அப்படிப்பட்ட வழங்கிகளோடு இயல்பாகப் பேச மறுக்கிறது. ஆகவே பத்தாண்டுக்கு முந்தைய வழிகாட்டியைப் பார்த்து அப்படியே செய்பவர், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தோற்பார்.

ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே நியாயமானது. ஒவ்வொன்றையும் போட்டவர் நல்ல காரணத்தோடுதான் போட்டார். ஆனால் ஒரு காவலாளி இன்னொரு காவலாளியோடு பேசுவதில்லை. டீச்சர் கதவைத் தட்டும்போது, எந்தப் பூட்டு மூடியிருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இதை எளிமையாக்க யாரும் முயலவில்லை என்று சொன்னால் அது பொய். 2006-இல் வந்த சம்பா 3.0.23 பதிப்பில் 'யூசர்ஷேர்' என்ற வசதி சேர்ந்தது. நிர்வாகி அல்லாத சாதாரணப் பயனரும் தம் கோப்புறையைப் பகிரலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட தெரிவுகள் கொண்ட அமைப்புக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. இதை நம்பித்தான் பல லினக்ஸ் பதிப்புகளில், கோப்புறைமீது வலப்பக்கச் சொடுக்கு கொடுத்தால் 'பகிர்' என்று வருகிறது. ஆனால் அந்தப் பயனர் முதலில் ஒரு குறிப்பிட்ட குழுவில் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தபின் ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் 'பிழை 255, உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். தோட்டப் பள்ளியில் நிர்வாகி யார்? அந்தக் கணினிமுன் உட்கார்ந்திருக்கும் டீச்சர்தான். அவரையே அவர் போய்க் கேட்க வேண்டும்!

முழுக்க எளிமையாக்கியவர்களும் உண்டு. 2005-இல் தொடங்கிய ஃப்ரீநாஸ், 2011-இல் வந்த ஓப்பன்மீடியாவால்ட் போன்றவை ஒரு கணினி முழுவதையும் கோப்புப் பெட்டகமாகவே மாற்றிவிடும். மற்றதையெல்லாம் உலாவியில் சொடுக்கிச் செய்யலாம். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் இதைத்தான் நான் இன்று பரிந்துரைப்பேன். நாங்கள் அன்று இதைச் செய்யாததற்குக் காரணம் வெறும் வீம்பு. எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து காட்டினால்தானே மாணவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்?

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பள்ளிக் கணினியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது தமிழ்ப் பயிற்சித்தாள், ஆனால் கோப்பின் பெயர் 'லத்திஹான் பிடி தாஹுன் 4' என்று உரோமன் எழுத்தில் மலாயில் இருக்கும். ஏன் என்று கேட்டால், "தமிழ்ல வெச்சா வேற கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரும்மா" என்பார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். எழுத்துரு ஒன்றுக்கு ஒரு குறியீடு என்று இருந்த நாட்களில் ஒரு கணினியின் தமிழ் இன்னொன்றுக்குப் புரியாது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலும் குறியீட்டுச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. யூனிகோடு பரவி, 2003-இல் வந்த சம்பா 3.0-உம் அதை ஏற்றபின், பெயர் கெட்டுப்போகும் அச்சத்திற்குப் பெரும்பாலும் இடமில்லை. அச்சம்தான் இன்னும் போகவில்லை.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'மா' என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடு, அதாவது ஆறு பைட்டு. எங்கள் டீச்சர் ஒருவர் கோப்புக்கு முழுத் தலைப்பையும் சூட்டுபவர்: 'நான்காம் ஆண்டு தமிழ்மொழி இலக்கணம் வலிமிகும் இடங்கள் மீள்பார்வைப் பயிற்சி இரண்டாம் தவணை திருத்தப்பட்டது'. ஐம்பத்தைந்து எழுத்துகள்தாம். கணக்கிட்டுப் பாருங்கள், இடைவெளிகளோடு 286 பைட்டு. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீடுகளை எண்ணுவதால் அங்கே இது நன்றாக இருக்கும். லினக்ஸ் வழங்கிக்கு இழுத்தால் ஏறாது. 'திருத்தப்பட்டது' என்பதை எடுத்துவிட்டால் ஏறிவிடும்! தமிழில் பெயர் வைக்கத் துணிந்த ஒரே டீச்சருக்கு இந்தத் தண்டனை. கணினி நம் மொழிக்கு எதிராகச் சதி செய்வதாக அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

'இதெல்லாம் எதற்கு? மேகக் கணிமை வந்துவிட்டதே, கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020 முதல் இருக்கிறதே, ஆசிரியருக்குக் கணக்கு இருக்கிறதே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, பயன்படுத்தட்டும். படங்களின் ஒரு பிரதி அங்கேயும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் செம்பனைக் காட்டுக்குள் இணையம் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. பதினைந்து பிள்ளைகள் ஒரே காணொளியைத் திறந்தால் பத்துப் பிள்ளைகள் சுற்றும் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதே காணொளி அறைக்குள்ளேயே ஒரு வழங்கியில் இருந்தால் ஒரு தடங்கலும் இல்லை. மேலும், பள்ளிகளை இணையத்தால் இணைக்க 2011-இல் ஒப்பந்தமான 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019-இல் முடிவுக்கு வந்ததை நான் இடைநிலைப்பள்ளி மாணவியாக இருந்து பார்த்தேன். திட்டங்கள் வரும், போகும். சுவரில் ஓடும் கம்பியும் அறையில் இருக்கும் வட்டும் பள்ளியுடையவை.

தமிழ்நாட்டில் 2006, 2007 வாக்கில் உமாசங்கர் இ.ஆ.ப. தலைமையில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறி, அரசுப் பள்ளிகளுக்கான கணினிகளிலும் அதைக் கொண்டுசென்றது. நம் நாட்டிலும் 2004-இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு அறிமுகப்படுத்தியது. இவை பற்றிய பேச்சுகளில் உரிமக் கட்டணம் எவ்வளவு மிச்சம், இடைமுகம் தமிழில் இருக்கிறதா என்ற இரண்டும் தவறாமல் வரும். நிறுவியவர் போன பிறகு கோப்புறையை மறுபடி யார் பகிர்வார் என்பது வருவதில்லை. என் கருத்தில், லினக்ஸ் ஒரு பள்ளியில் நிலைக்குமா நிலைக்காதா என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். பட்டியல் தமிழில் இருந்து, அதைச் சொடுக்கினால் 'பிழை 255' வருமானால், அந்தத் தமிழாக்கம் யாருக்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோப்புறையைச் சொடுக்கினால் கணினி இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: யார் பார்க்கலாம், யார் மாற்றலாம். மீதிப் பூட்டுகளை எல்லாம் அதுவே திறக்கட்டும். திறந்த பிறகு, 'பகிர்ந்துவிட்டேன்' என்று சொல்வதற்கு முன், வெளியாள்போல் தன் வாசலைத் தானே தட்டிப் பார்க்கட்டும். திறக்கவில்லையென்றால் எந்தப் பூட்டு என்று மனிதர் பேச்சில் சொல்லட்டும். அப்புறம், எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுக்கட்டும். இவற்றுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கோத்துக் கட்டும் ஆள்தான் இல்லை. கணினி அறிவியல் துறையில் நம்மவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர் இறுதியாண்டுத் திட்டம் செய்கிறோம்? கார் நிறுத்துமிடம் காட்டும் செயலியை இன்னும் எத்தனை முறை செய்யப்போகிறோம்?

நம் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு பள்ளி என்று கணினி நிறுவிப் படம் எடுத்து வருவதைச் சற்று நிறுத்திவைத்து, ஏற்கெனவே நிறுவிய பள்ளிகளுக்குத் திரும்பப் போவோம். போய், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, அங்குள்ள ஆசிரியர் முதலிலிருந்து செய்யட்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு வருவோம்.

சென்ற நவம்பரில் நானும் இரு தோழியரும் அப்படித்தான் போனோம். நூற்றைம்பது வரியில் ஒரு சிறு நிரல் எழுதி எடுத்துச் சென்றிருந்தோம். மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் தமிழில் கேட்டு, பூட்டுகளைத் திறந்து, வாசலைத் தட்டிப் பார்க்கும். டீச்சரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். 'பயனர் அணுகல் உரிமத்தைத் தெரிவு செய்க' என்று எழுதியிருந்தோம்.

"இது என்ன தமிழ்மா?" என்றார்.

மேசையில் இருந்த பயிற்சித்தாளின் பின்புறத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்: 'இந்தப் பெட்டியை யார் யார் திறந்து பார்க்கலாம்?' அங்கேயே மாற்றினோம். இரண்டாவது முறை பத்து நிமிடம் ஆனது. தீச்சுவரில் ஒருமுறை தடுக்கியது; எந்தப் பூட்டு என்று நிரல் சொன்னது, அவர் 'திற' என்பதைச் சொடுக்கினார். பக்கத்துக் கணினியில் போய் உட்கார்ந்து, பட்டியலில் பள்ளியின் பெயரைக் கண்டுபிடித்து, 'படங்கள்' கோப்புறைக்குள் போனார். முந்நூற்று நாற்பதும் இருந்தன. பெரட்டுக் களத்துப் படத்தைப் பெரிதாக்கி, மூன்றாவது வரிசையில் தலையில் துண்டு கட்டி நிற்பவரைக் காட்டி, "இவரோட பேத்தி இப்ப ரெண்டாம் ஆண்டுல படிக்குது" என்றார். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் அறை இரும்பு அலமாரியில் வைத்தாயிற்று. படங்களின் இன்னொரு பிரதி இப்போது என் அறையில், ஒரு வெளிவட்டில் இருக்கிறது.